தரை வழுக்கவில்லை

"பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க."

இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் நம்மிடையே அநேகமாக இருக்காது. அடுத்து வரும் வாக்கியங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள், எழுந்து நடக்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஃபோன் வரும். இந்தக் கதையில் குற்றவாளி எப்போதும் தரைதான். ஈரம், சோப்புத் தண்ணீர், புதிதாகப் போட்ட டைல்ஸ். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள்கூட டைல்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் கிடக்கும் மாத்திரை அட்டைகளைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த அட்டைகளின்மேல் மருத்துவ உலகுக்கு எப்போது சந்தேகம் வந்தது, வந்த சந்தேகத்தை நிரூபிக்க என்ன பாடுபட்டார்கள், நிரூபித்த பிறகு என்ன ஆனது என்று படிக்கப் போனேன். பழைய சாஃப்ட்வேரில் ஒரு பக்கை வருஷக்கணக்காகத் துரத்தும் கதைபோலவே இருந்தது. முதலில் யாருக்கும் அது பக் என்றே தெரியாது, சிஸ்டத்தின் இயல்பு என்று நினைப்பார்கள். பிறகு ஒருவர் லாக் எடுத்துப் பார்ப்பார். காரணம் கிடைத்துவிட்டதாகக் கொண்டாடுவார்கள். சரிசெய்த பிறகும் அது நிற்காது. இந்தத் துரத்தலில் எனக்குக் கிடைத்த ஆட்களும் ஊர்களும் இங்கிலாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து, கனடாவைச் சேர்ந்தவர்கள். விழுகிறவர்கள் மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் சாகிறார்கள். தற்செயல் விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம்.

*

ஜோசப் ஷெல்டன் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் வோல்வர்ஹாம்ப்டன் என்னும் தொழில் நகரத்தில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், தங்கள் வீட்டில் வாழும் முதியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த முதியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான். வராதவர்களைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். ஷெல்டனுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. போர்க்கால பிரிட்டனில் எல்லோரிடமும் ரேஷன் புத்தகம் உண்டு. அந்தப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அதன் முடிவுகள் 1948இல் புத்தகமாக வந்தன. அந்த வீடுகளில் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட விஷயங்களில் ஒன்று, விழுவது.

1960இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. 202 பேர், 500 விழுதல்கள். ஒவ்வொன்றையும் ஒரு துப்பறிவாளர்போல விசாரித்திருக்கிறார். எங்கே விழுந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், தலையை அண்ணாந்து பார்த்தீர்களா, விழுந்த பிறகு எழ முடிந்ததா. வயதானவர்கள் விழுவது அவ்வளவு சகஜமாகிவிட்டதால் அது ஏன் என்று கேட்கும் ஆர்வமே யாருக்கும் வராமல் போய்விட்டது என்று தொடக்கத்திலேயே குறைபட்டுக்கொள்கிறார். அறுபது வருஷம் கழித்தும் அந்தக் குறை நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஷெல்டனின் கணக்கில் தடுக்கி, வழுக்கி, படி தவறி விழுந்த நிஜமான 'விபத்து' மூன்றில் ஒரு பங்குதான். கால்வாசிப் பேர் காரணமே இல்லாமல் விழுந்தவர்கள். நடந்துகொண்டிருக்கும்போது முழங்கால் சட்டென்று மடங்கிக் கீழே இருப்பார்கள். நினைவு தப்பவில்லை, அடியும் பெரிதாகப் படவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியாது. யாராவது வந்து உள்ளங்கால்களைச் சுவரிலோ திடமான எதிலோ அழுத்தி வைத்தால் காலுக்குத் திரும்பவும் பலம் வரும். இன்னும் சிலர் தலைசுற்றி விழுந்தவர்கள், சிலர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழுந்தவர்கள். தரையை அவர் விடுவித்துவிட்டார் என்றே சொல்லலாம். ஆனால் அத்தனை நுணுக்கமான அந்த வகைப் பட்டியலில் மாத்திரைக்கென்று ஒரு தலைப்பு இல்லை.

அந்தக் காலத்தில் மாத்திரை இல்லாமல் இல்லை. 1903லேயே வெரோனால் வந்துவிட்டது. அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு பார்பிச்சுரேட் வகைதான் தூக்க மாத்திரையின் இன்னொரு பெயர். கொஞ்சம் கூடிப்போனால் மூச்சு நின்றுவிடும். தெரிந்தேதான் எழுதிக்கொடுத்தார்கள், வேறு வழியில்லை.

வழி வந்தது அதே 1960இல். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நட்லி என்ற ஊரில் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியின் ஆய்வகம். அங்கே லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர், இளமையில் போலந்தில் சாயப்பொருட்களுக்காக ஆராய்ந்த ஒரு மூலக்கூறு வகையை வைத்து அமைதிதரும் மருந்து தயாரிக்க முயன்று, ஒன்றும் கைகூடாமல் விட்டிருந்தார். 1957இல் மேசையைச் சுத்தம் செய்யும்போது, சோதிக்காமலே கிடந்த ஒரு பொருளை உடன் வேலை செய்தவர் கவனித்தார். தூக்கிப் போடுவதற்குமுன் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் லிப்ரியம். 1963இல் அதன் தம்பி வேலியம், நம் மருந்துச்சீட்டுகளில் டயசெபாம். பென்சோடயசெபைன் என்ற குடும்பத்தின் மூத்த பிள்ளைகள் இவை. பார்பிச்சுரேட்டோடு ஒப்பிட்டால் தெய்வம்போல. இதை மட்டும் விழுங்கி உயிரை மாய்த்துக்கொள்வது அரிது. அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம்வரை அமெரிக்காவில் அதிகம் எழுதப்பட்ட மருந்து வேலியம்தான். உயிரைக் கொல்லாத மருந்து என்பதால் 'பாதுகாப்பானது' என்று பெயர் வாங்கியது. அதை விழுங்கிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும் எண்பது வயதுக்காரர் அந்தப் பெயரில் சேர்த்தியா என்று அப்போது பலரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர்கள் முதியோர் வார்டுகளில் வேலை பார்த்த டாக்டர்கள்தான். 1972இல் கிரிம்லி எவன்ஸ், ஜார்விஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் நைட்ரசெபாம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். குழம்பிப்போய், நடை தள்ளாடி, படுக்கையை நனைத்துக்கொண்டு வந்து சேர்ந்த முதியவர்களுக்கு அந்த மாத்திரையை நிறுத்தினால் தெளிந்துவிடுகிறார்கள். 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று வீட்டார் முடிவுகட்டிய நிலை, வயதால் வந்ததே அல்ல.

*

ஏன் முதியவர்களுக்கு மட்டும் இப்படி? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த வரைபடம் இங்கேதான் வருகிறது.

பள்ளியில் கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்போம். மருந்துக்கும் அது உண்டு. உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். 1975இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று பல வயதினருக்கு டயசெபாம் கொடுத்து அளந்தது. இருபது வயதுக்காரர் உடம்பில் அரை ஆயுட்காலம் சுமார் 20 மணி நேரம். எண்பது வயதில் சுமார் 90 மணி நேரம். நடுவில் ஒரு நேர்க்கோடு. கிட்டத்தட்ட உங்கள் வயது எத்தனையோ அத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடலாம். உயிரியலில் இவ்வளவு ஒழுங்கான கோடு அபூர்வம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. அரை ஆயுட்காலம் 20 மணி என்றால், அடுத்த மாத்திரை போடும்போது முந்தையதில் 43 சதவீதம் மிச்சம் இருக்கும். நாள்கள் போகப்போக உடம்பில் தேங்குவது, புதிதாகப் போட்டதையும் சேர்த்து, ஒன்றே முக்கால் மாத்திரை அளவில் நிலைகொள்ளும். 90 மணி என்றால் அடுத்த ராத்திரியில் 83 சதவீதம் மிச்சம். இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஆறு மாத்திரை தேங்கி நிற்கும். பேரனும் பாட்டியும் ஒரே அட்டையிலிருந்து ஆளுக்கொன்று போட்டாலும், பாட்டி உடம்பில் ஆறு இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வயதாக ஆகத் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசெபாம் கொழுப்பில் கரைவது. அந்த ஆறில் பெரும்பகுதி கொழுப்பில் போய் ஒளிந்துகொள்கிறது, ரத்தத்தில் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. வான்டர்பில்ட் குழுவே இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கம் மூளை இருக்கிறது. ஒரே அளவு மயக்கம் வர, இளைஞர்களுக்குத் தேவையானதைவிடக் குறைந்த ரத்த அளவே முதியவர்களுக்குப் போதும் என்று அதே எழுபதுகளில் கண்டுபிடித்தார்கள். ராத்திரி போட்ட மாத்திரையின் வேலை ராத்திரியோடு முடியவில்லை என்பது மட்டும் உறுதி. விடியற்காலை வாசல் தெளிக்கும்போதும், மத்தியானம் மாடிப்படி ஏறும்போதும் அது கூடவே இருக்கிறது.

நிற்பது என்பதே ஒரு ஓயாத வேலை. கண், உள்காது, உள்ளங்காலிலும் கணுக்காலிலும் உள்ள நரம்புகள் என்று மூன்று இடங்களிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். மூளை அதைக் கூட்டிக்கழித்து, உடம்பு சாயும் திசைக்கு எதிராகத் தசைகளை இழுத்துக்கொண்டே இருக்கும். வயதானால் மூன்றுமே மங்குகிறது. கண்ணில் புரை, காலில் சர்க்கரையால் மரத்துப்போன நரம்பு. இருந்தும் மூளை சமாளித்துக்கொள்கிறது, கொஞ்சம் தாமதமாக. கார்ப்பெட் ஓரத்தில் கால் தட்டினால் இளைஞன் இன்னொரு அடி எடுத்து வைத்து நின்றுவிடுவான். முதியவருக்கும் அந்த அடி வரும், ஒரு நொடியின் சின்னப் பகுதி பிந்தி. பென்சோடயசெபைனின் வேலையே நரம்புகளின் பரபரப்பை அடக்குவது. தூக்கம் வரவைக்கும் அதே அடக்கம்தான் அந்த ஓர் அடியையும் இன்னும் பிந்தச் செய்கிறது. தடுக்கியது எல்லோருக்கும்தான். அந்த அடி வந்து சேரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

*

காரணம் புரிந்துவிட்டது. நிரூபணம்?

வெய்ன் ரே என்பவரும் வான்டர்பில்ட்காரர்தான். அவர் ஆஸ்பத்திரியில் நின்று நோயாளிகளை எண்ணவில்லை. பில்களை எடுத்தார். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் அரசுக் காப்பீட்டில் மருந்துக்கடை பில்லும் ஆஸ்பத்திரி பில்லும் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருந்தன. பணம் பட்டுவாடா செய்வதற்காக வைத்திருந்த அந்த டேட்டாபேஸை அவர் வேறு கண்ணோடு பார்த்தார். மிச்சிகன் மாநிலத்தில் இடுப்பெலும்பு உடைந்த 1,021 பேர், உடையாத 5,606 பேர், அவரவர் மருந்துக்கடை பில். டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு இரண்டு டேபிளை ஒரு ஐடியில் சேர்க்கும் வேலை. 1987இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நீண்ட அரை ஆயுட்காலம் உள்ள தூக்க, பதற்ற மாத்திரைகள் போட்டவர்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பு 1.8 மடங்கு. ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகளுக்கு 1.9. மனச்சிதைவுக்கான மருந்துகளுக்கு 2. குறுகிய அரை ஆயுட்கால மாத்திரைகளுக்கு மட்டும் 1.1, அதாவது சொல்லும்படி ஒன்றுமில்லை.

உலகம் இந்தக் கடைசி எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. நீண்டது கெட்டது, குறுகியது நல்லது. சீக்கிரம் வெளியேறும் மாத்திரையாக மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. மருந்துக் கம்பெனிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியுமா? 1992இல் அமெரிக்காவில் ஜோல்பிடெம் அனுமதி பெற்றது. அரை ஆயுட்காலம் இரண்டரை மணி நேரம்தான், பென்சோடயசெபைன் குடும்பமும் இல்லை. ஆனால் 1995இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு, பிறகு ரேயின் குழுவே செய்த புதிய ஆய்வு, எல்லாம் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் கலைத்தன. குறுகியதும் தள்ளிவிடுகிறது. டோஸ் எவ்வளவு, தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பவைதான் பெரிய விஷயம். 2001இல் ஜோல்பிடெமையும் இடுப்பெலும்பு முறிவோடு தொடர்புபடுத்தி ஆய்வு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பவருக்கு இரண்டரை மணி நேர மாத்திரை என்ன, இருபது மணி நேர மாத்திரை என்ன!

இந்த எல்லா எண்களுக்கும் அடியில் ஒரு பழைய சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. தூக்க மாத்திரை யாருக்கு எழுதுவார்கள்? தூங்காதவர்களுக்கு. தூங்காதவர்கள் யார்? மூட்டு வலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர்கள், துணையை இழந்தவர்கள். மாத்திரையே போடாவிட்டாலும் விழக்கூடியவர்கள். அப்படியானால் பில்லில் தெரிவது மாத்திரையின் குற்றமா, மாத்திரை வாங்கியவரின் நிலைமையா? 2005இல் மிச்சிகன் முதியோர் இல்லங்களில் முப்பத்து நாலாயிரம் பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, விழுவதோடு தொடர்புடையது தூக்கமின்மைதான், மாத்திரை அல்ல என்றே சொன்னது. எல்லாப் பில்களையும் அலசினாலும் இந்த முடிச்சு முழுதாக அவிழாது. ஒரே வழி, ஒரு பெரிய கூட்டத்திடமிருந்து ஒரே நாளில் மாத்திரையைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை.

அதை நியூயார்க் மாநில அரசு தெரியாத்தனமாகச் செய்தது.

1989 ஜனவரி 1. பென்சோடயசெபைன் எழுத வேண்டுமென்றால் மூன்று பிரதி கொண்ட விசேஷச் சீட்டில்தான் எழுத வேண்டும், ஒரு பிரதி அரசுக்குப் போகும் என்று மாநிலம் உத்தரவிட்டது. போதைக்காகக் கடத்துவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முதியவர்களும் இடுப்பெலும்பும் யார் மனதிலும் இல்லை. தன் பெயர் அரசு அலமாரியில் சேர்வதை எந்த டாக்டர் விரும்புவார்? எழுதுவதையே விட்டார்கள். மெடிக்கெய்டில் இருந்த முதியவர்களிடையே பயன்பாடு பாதிக்கும் கீழே சரிந்தது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இந்த விதி இல்லை, அங்கே பெரிய மாற்றமும் இல்லை. எங்கள் தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்போம்: பயனர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுத்துப் பார்ப்பது. இதைவிடச் சுத்தமாக ஒன்று வாய்க்காது.

2007இல் அனிதா வாக்னர், ஸ்டீபன் சுமெராய் ஆகியோரின் குழு இரண்டு மாநிலங்களின் எலும்பு முறிவுக் கணக்கை அருகருகே வைத்து வெளியிட்டது. நியூயார்க்கில் மாத்திரைக் கோடு செங்குத்தாக விழுகிறது. இடுப்பெலும்பு முறிவுக் கோடு அசையவில்லை.

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள். மாத்திரை நிரபராதி என்பது ஒன்று. என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. நியூயார்க்கில் மாத்திரை காணாமல் போனதே தவிர, அதை விழுங்க வைத்த ராத்திரி காணாமல் போகவில்லை. 1991லேயே வந்த வேறொரு ஆய்வு காட்டியது: பென்சோடயசெபைன் குறைந்த அதே மாநிலத்தில் மெப்ரோபமேட், குளோரல் ஹைட்ரேட், பார்பிச்சுரேட் எல்லாம் ஏறியிருக்கின்றன. மெப்ரோபமேட் ஐம்பதுகளின் மருந்து. குளோரல் ஹைட்ரேட் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. எதிலிருந்து தப்பிக்க லிப்ரியத்தைக் கண்டுபிடித்தார்களோ, அங்கேயே சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பிரதிச் சீட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

விழுவதற்கு ஒரே காரணம் கிடையாது என்பதும் இதற்குள் தெளிவாகியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி 1988இல் வெளியிட்ட ஆய்வில், 75 வயது தாண்டி வீட்டில் வாழும் 336 பேரை ஓராண்டு தொடர்ந்தார். மூன்றில் ஒருவர் விழுந்தார். தூக்க மருந்து, காலில் கோளாறு, நடைத் தள்ளாட்டம், நினைவுக் குறைவு என்று ஆபத்துக் காரணிகளை எண்ணினார். ஒன்றுமே இல்லாதவர்களில் 8 சதவீதம் விழ, நான்கும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 78 சதவீதம் விழுந்தார்கள். தூக்க மருந்து அந்தப் பட்டியலில் மிகக் கனமான ஒன்று, இருந்தாலும் பட்டியலில் ஒன்றுதான்.

நம் ஊரிலும் நியூயார்க் சீட்டுக்குத் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 என்ற பட்டியல் நடைமுறையில் உள்ளது. டயசெபாம், அல்பிரசோலம், நைட்ரசெபாம், ஜோல்பிடெம் எல்லாம் அதில் உண்டு. விற்கும்போது மெடிக்கல் ஷாப்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பட்டியலின் முக்கியக் குறி ஆன்டிபயாடிக். முதியவர்கள் இங்கேயும் யார் மனதிலும் இல்லை.

*

பிபி மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது அரைகுறையாகிவிடும். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி உடம்பு சில விநாடிகளில் சமன்செய்யும். பல பிபி மருந்துகள் அந்தச் சமன்செய்தலைத்தான் தளர்த்துகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் புதிதாக பிபி மருந்து தொடங்கிய மூன்று லட்சம் முதியவர்களைப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. தொடங்கிய முதல் 45 நாட்களில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம்.

இதைப் படித்துவிட்டு யாராவது தாத்தாவின் பிபி மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்களே என்று பயமாக இருக்கிறது. 2008இல் ஹைவெட் என்ற பெரிய சோதனை, எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் பிபியைக் குறைத்தால் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. தூக்க மாத்திரையோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. தொடங்கும் அந்த ஆறு வாரம் பார்த்து நடக்க வேண்டும், படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கொஞ்ச நேரம் ஓரத்தில் உட்கார வேண்டும், நின்றபடியும் ஒருமுறை பிபி பார்க்கச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் உட்கார வைத்துத்தான் எப்போதும் பார்க்கிறார்கள். என் தாத்தா தன் மாத்திரைகளை நிறத்தால்தான் அறிவார்: ரோஸ் காலையில், வெள்ளை ராத்திரி, மஞ்சள் 'அந்த டாக்டர் குடுத்தது'. ஒவ்வொரு டாக்டரும் தன் நிறத்தைத்தான் பார்ப்பார்.

அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் முதியோர் இல்லவாசிகளுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். இன்றும் அவர் பெயரால் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து 2008இல் இன்னொரு பட்டியல். பட்டியல்களுக்குக் குறைவில்லை.

நியூயார்க் கேட்ட கேள்விக்குச் சரியான பதில், பட்டியல்களில் இல்லாமல் நியூசிலாந்தின் டனிடின் நகரத்தில் கிடைத்தது என்பது என் எண்ணம். ஜான் காம்ப்பெல் தலைமையிலான ஒடாகோ பல்கலைக்கழகக் குழு 1999இல் வெளியிட்ட சிறிய சோதனை அது. தூக்க, மன மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்த 65 வயது தாண்டிய 93 பேர். அவர்களுடைய வழக்கமான மருந்தைப் பொடித்து ஒரேமாதிரியான கேப்ஸ்யூலில் அடைத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அதே அளவு தொடர்ந்தது. மறு பாதிப் பேருக்கு கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மருந்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பதினான்காவது வாரத்தில் வெற்று கேப்ஸ்யூல் மட்டும் மிஞ்சியது. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும், சிலருக்கு வலிப்பே வரும். பல வருஷம் போட்ட பென்சோடயசெபைனை யாரும் தாங்களாக நிறுத்தக்கூடாது என்பது அதனால்தான். அந்தப் பதினான்கு வாரங்கள் இந்தச் சோதனையின் உயிர்.

மருந்து குறைக்கப்பட்டவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. சிறிய எண்ணிக்கை, பலர் நடுவில் விலகினார்கள், எல்லாம் சரி. ஆனால் இதில் பில் கிடையாது, யார் எதை வாங்கினார் என்ற முடிச்சு கிடையாது, குலுக்கிப் போட்டுப் பிரித்த இரண்டு குழுக்கள். மாத்திரையின் பங்கு நிஜம் என்று எனக்குத் தோன்றவைத்தது இதுதான். நியூயார்க்கில் சட்டம் செய்யாததை இங்கே பொறுமை செய்திருக்கிறது.

கடைசியாக ஒன்றையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். முப்பது வாரம் வெற்று கேப்ஸ்யூலை விழுங்கிக்கொண்டு, அது தெரியாமலே தூங்கி எழுந்துகொண்டிருந்தவர்கள் 17 பேர். சோதனை முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அவர்களில் 8 பேர் பழைய மாத்திரைக்குத் திரும்பியிருந்தார்கள்.

அந்த எட்டுப் பேரை முட்டாள்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுபத்தெட்டு வயதில் ராத்திரி பத்து மணி என்பது என்ன என்று முப்பதுகளில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கட்டில் காலி. வீட்டில் சத்தம் இல்லை. மாத்திரை போட்டுவிட்டேன் என்பதிலேயே பாதித் தூக்கம் இருக்கிறது. அதைப் பறிப்பதானால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும்.

அப்படிக் கேட்டும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் காரா டனென்பாம் என்ற மருத்துவரின் குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், பல வருஷம் பென்சோடயசெபைன் எடுத்துக்கொண்டிருந்த 303 முதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை, சட்டமும் போடவில்லை. ஒரு பாதிப் பேருக்கு நேராக ஒரு கையேடு தபாலில் போனது. இந்த மாத்திரை என்ன செய்யும், ஏன் விழவைக்கும், வேறு எப்படித் தூங்கலாம் என்று பெரிய எழுத்தில் எளிய மொழியில். ஆறு மாதத்தில் கையேடு கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ பேச்சை எடுத்திருந்தார்கள். 27 சதவீதம் பேர் முற்றிலும் நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் நிறுத்தியது 5 சதவீதம். பிறகு 2018இல் வந்த சோதனையில், கையேட்டோடு மருந்தாளுநரும் டாக்டருக்கு எழுதினார். அப்போது நிறுத்தியவர்கள் 43 சதவீதம் ஆனார்கள்.

அந்தக் கையேட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். கிழமைகள் குறுக்கே, வாரங்கள் கீழ்நோக்கி. மேல் வரிசைகளில் முழு மாத்திரையின் படம், கொஞ்சம் கீழே போனால் அரை மாத்திரை, அப்புறம் கால். டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு, ஒவ்வொரு நாள் முடிந்ததும் பேனாவால் ஒரு டிக் போட வேண்டும்.